பல்லேகலயில் வெடித்த பருத்தி

கண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது என் கையில் ஒரு படுக்கைச் சுருளும் சட்டைப் பையில் ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் எழுதியவர் உதுமாலெப்பை. கண்டிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். மகாவலி ஆற்றுக்கு அக்கரையில், பல்லேகலயில், எட்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டிருந்தார். விதை என்னுடையது. பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தி. நானே பொறுக்கி, சாணம் புரட்டி, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பியது. கடிதத்தில் இரண்டே வரி: “உங்கள் விதை மலட்டு விதை. எங்கள் நிலத்தைக் கெடுத்துவிட்டது.”

விதைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், பதில் எழுதுவதைவிட நேரில் போய்ச் செடியைப் பார்ப்பதே மேல் என்று கடல் தாண்டிவிட்டேன். வந்த வழியையும் பட்ட பாட்டையும் சொல்லத் தொடங்கினால் கட்டுரை கண்டிக்கு வந்து சேராது.

தை மாதம். எங்கள் ஊரில் புழுதி பறக்கும் நேரம். கண்டியிலோ மழை. மழை என்றால் நம் ஊர்போல வந்து அடித்துவிட்டுப் போகிற மழை அல்ல. விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகவே தங்கிவிட்ட மழை. நாங்கள் மேகத்தைத் தேடி வானத்தைப் பார்ப்போம். இவர்கள் வெயிலைத் தேடிப் பார்க்கிறார்கள்.

உதுமாலெப்பை ஸ்டேஷனுக்கு வரவில்லை. கடையைக் கண்டுபிடித்து நான் போய் நின்றதும் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். முகத்தில் மட்டும் வரவேற்பு இல்லை. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, ஒட்ட வெட்டிய தாடி. நான் கடிதத்தை வெளியே எடுத்தேன். “முதல்ல சாப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்துல விதைப் பேச்சு வாணாம்” என்று சொல்லிப் பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நான் மாமிசம் தொடாதவன் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு, உள்ளே சொல்லிப் பக்குவமாகச் சமைக்க வைத்திருந்தார். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த பிஞ்சுப் பலாக்காய், பருப்பு, சிவக்கச் சிவக்க ஒரு தேங்காய்ச் சம்பல். கோபத்தோடு பரிமாறிய சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்து நான் பார்த்ததில்லை. சம்பலை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அதில் மரத்தூள்போல மொறுமொறுவென்று வருவது என்ன சரக்கு என்று விசாரித்தேன். மாசி என்றார். மாசி என்றால் என்ன என்றேன். அவர் சற்று நேரம் என் இலையைப் பார்த்தார். பிறகு, அது காய்ந்த மீன் என்றும், இந்த ஊரில் அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும் மிகுந்த சங்கடத்தோடு சொன்னார். நான் விழித்த விழிப்பைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. எங்களுக்குள் முதல் இளக்கம் அந்த மீனால் வந்தது.

மறுநாள் காலை நிலத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். லேவெல்லத் துறையில் மகாவலியைக் கடக்க வேண்டும். “பாதை வரட்டும்” என்று எல்லோரும் கரையில் குந்தியிருந்தார்கள். காலடியில் பாதை இருக்கும்போது எந்தப் பாதை வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே பாதை என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகு. அது வந்தது. ஆறு செம்மண் கரைத்துச் சுழித்து ஓடியது. நடு ஆற்றில் ஒரு காளை மிரண்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ள, நாங்கள் பத்துப் பேர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டிக்காரர் சிங்களத்தில் காளையோடு அமைதியாகப் பேசிக்கொண்டே வந்தார். என்ன சொல்கிறார் என்று லெப்பையிடம் கேட்டேன். “உனக்கு நீந்தத் தெரியும், இவங்களுக்குத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்கோ எண்டு சொல்றார்” என்றார்.

பல்லேகலயில் மழை குறைவு. மலைகள் தள்ளி நிற்க, நடுவே சற்று வெப்பமான பள்ளத்தாக்கு. மண்ணைக் கையில் எடுத்தேன். மணல் கலந்த செம்மண், பருத்திக்குப் பழுதில்லை. ஆனால் பயிர் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று மாதச் செடி முழங்கால் உயரம்கூட இல்லை. திட்டுத் திட்டாக மஞ்சள் பாய்ந்திருந்தது. அத்தனை ஈரத்திலும் இலைகள் தொங்கின. இதைப் பார்த்தவன் விதையைத் திட்டியதில் ஆச்சரியமில்லை.

களை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து எங்களிடம் வந்தாள். பெயர் பேச்சி. நாற்பது வயதிருக்கும். அவளும் இன்னும் ஆறு குடும்பமும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது வேலை போய், லெப்பையின் நிலத்துக்கு வந்து குடிசை போட்டவர்கள். நான்தான் விதைக்காரன் என்று லெப்பை சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முளைப்பு நல்லாத்தாங்க இருந்துச்சு” என்றாள். “ஒரு சாண் வர்ற வரைக்கும் வஞ்சன இல்ல. அதுக்கப்புறந்தான் நின்னு போச்சு.”

எனக்கு அந்த நிமிஷமே பாதி உயிர் வந்தது. மலட்டு விதை முளைக்காது. முளைத்து நின்றது என்றால் நிறுத்தியது வேறு எதுவோ. மம்பட்டி வாங்கி ஒரு செடியை வேரோடு தோண்டி ஆற்று நீரில் அலசினேன். வேர் நெடுக முண்டு முண்டாக, இஞ்சிக் கிழங்குபோலப் புடைத்திருந்தது. பத்து இடத்தில் தோண்டினேன். பத்தும் அப்படியே. இருபது வருஷப் பருத்தி வெள்ளாமையில் நான் வேர்ப்புழு பார்த்திருக்கிறேன், கறையான் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரியவில்லை என்று லெப்பையிடம் ஒப்புக்கொண்டேன். தெரிந்தவர் பேராதனையில் ஒருவர் இருக்கிறார் என்றார் அவர்.

மூன்றாம் நாள் பேராதனை. பயிர் நோய் பார்க்கிற ஆபீசில் கணபதிப்பிள்ளை என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு அளந்து வரும். வேர் முண்டு ஒன்றைப் பிளேடால் கீறி, கண்ணாடியில் வைத்து, பூதக்கண்ணாடிக் குழாயின் கீழ் செருகி என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: நூல்போல, நிறமே இல்லாமல், நெளிகிற புழுக்கள். ஒரு கடுகளவு வேருக்குள் ஒரு திருவிழாக் கூட்டம். என் உடம்பு கூசியது.

“விதையாலை வந்ததில்லை, மண்ணிலையே இருந்தது” என்றார் அவர். “இதுக்கு முந்திப் புகையிலை நட்ட நிலமோ?”

லெப்பை தலையசைத்தார். பல வருஷம் புகையிலை இருந்த நிலம்தான் அது. புகையிலை வேரில் இந்த நூற்புழு கோட்டை கட்டிக் குடியிருக்கும் என்றும், பருத்தியும் அதற்குப் பிடித்த சாப்பாடுதான் என்றும் உத்தியோகத்தர் விளக்கினார். தேயிலை நாற்று மேடைகளிலும் இந்தத் தொல்லை உண்டாம். மருந்து இருக்கிறதா என்று கேட்டோம். மேடை மண் என்றால் சுட்டுக் கொல்லலாம், எட்டு ஏக்கரை எப்படிச் சுடுவது என்று கையை விரித்தார்.

வெளியே வந்ததும் லெப்பை ஆலமரத்தடியில் நின்றார். “உங்கட விதையில குத்தம் இல்ல. நான் எழுதினது பிழை. மாப்பு செய்யணும்” என்றார். வயதில் பெரியவர், பஜாரில் மதிப்பானவர், ரோட்டில் நின்று கை பிடித்து மன்னிப்புக் கேட்டதும் நானும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கடையில், கித்துள் என்கிற பனை வகையில் காய்ச்சிய கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத வெறும் தேயிலைச் சாயம் குடித்தோம். கருப்பட்டியும் சாயமும் அப்படிச் சேரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் வந்த காரியம் முடிந்தது. ஜெயித்துவிட்டேன். மூன்று நாளில் ஊருக்குப் புறப்பட ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஆனால் குடித்து முடித்ததும் லெப்பை சொன்னார், இனி அந்த நிலத்தை வைத்துக்கொண்டு பயனில்லை, மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள், செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொல்ல அவர் பல்லேகலக்குப் போனார். நானும் உடன் போனேன். மழை விட்டிருந்தது. குடிசை ஓரமாகப் பேச்சியின் குடும்பத்தார் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தேங்காய் போட்ட கனத்த ரொட்டி, மிளகாய்ச் சம்பல். மாசி இல்லை என்று உறுதி செய்துகொண்டு தின்றேன். தின்றபடியே, பேராதனையில் பார்த்ததையும், விதையில் குற்றமில்லை என்று தீர்ந்ததையும் உற்சாகமாகச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். பேச்சிதான் கடைசியில் பேசினாள்.

“விதைக்கு நல்ல பேரு வந்திருச்சு. சந்தோசங்க. எங்களுக்கு என்னான்னு யாராச்சும் கேட்டீங்களா?”

நிலம் போனால் அவர்களுக்கு இடமில்லை. தோட்டத்தில் வேலை போனவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவளுடைய அண்ணனை முந்தின வருஷமே அனுப்பிவிட்டார்களாம். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவள் பிறந்தது தெல்தோட்டையில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா பிறந்த ஊரின் பெயர் மட்டும் தெரியும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இதையெல்லாம் அழாமல், குரல் உயர்த்தாமல், ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். ஒரு கடிதத்தின் இரண்டு வரியைத் தாங்க முடியாமல் கடல் தாண்டி வந்தவன் நான். இவர்கள் முழு வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டு எனக்கு ரொட்டி கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் குடிசைக்குப் பின்பக்கம் போனேன். போனவன் நின்றுவிட்டேன். குடிசைகளை ஒட்டி, நிலத்தின் மூலையில் ஒரு துண்டு. அங்கே பருத்தி என் இடுப்பு உயரம் நின்றது. கரும்பச்சை இலை. பிஞ்சுக் காய் பிடித்திருந்தது. செடிகளுக்கு நடுவே, தங்கம் கொட்டினாற்போல் செண்டுமல்லி பூத்துக் கிடந்தது.

பேச்சியைக் கூப்பிட்டேன். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். பூவைப் பிடுங்கச் சொல்லி, லெப்பைக்காக நிலத்து வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை மூன்று தடவை உத்தரவு போட்டிருந்தாராம். அது களை, பருத்தியின் உரத்தைத் தின்னும் என்று. மாரியம்மன் பூசைக்கு மாலை கட்டுவதற்காக, அவர் வருகிற அன்று மட்டும் நாலைப் பிடுங்கிக் காட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவைத்திருந்தாள். நானும் திட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். எத்தனை நாளாக இங்கே பூ இருக்கிறது என்று கேட்டேன். வந்த முதல் மாதத்திலிருந்தே என்றாள். பருத்தி விதைப்பதற்கு முந்தியே அந்தத் துண்டு முழுக்கப் பூதான், விதைத்த பிறகு உதிர்ந்த விதை தானாகவே நடுவில் முளைத்துக்கொண்டது.

மம்பட்டி போட்டு ஒரு பருத்தியைத் தோண்டினேன். வேர் சுத்தமாக, வெள்ளையாக, முடிபோலப் பிரிந்து தொங்கியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு முண்டு. இன்னொன்று தோண்டினேன். அதுவும் அப்படியே. பத்தடி தள்ளி, பூ இல்லாத இடத்தில் தோண்டினேன். இஞ்சிக் கிழங்கு. லெப்பையைச் சத்தம் போட்டு அழைத்தேன். அவர் ஓடி வந்து, மூன்று வேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். எரிக்கிற வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பேராதனை ஆபீஸ் பகலோடு மூடிவிடும். அடுத்த நாள் காலை எனக்கு ரயில். வேர் காயாமல் இருக்க, பருத்தியையும் செண்டுமல்லியையும் அடிமண்ணோடு பெயர்த்து, நனைந்த கோணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லெப்பை. பின்னால் பேச்சி. உத்தியோகத்தர் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, நீ வந்தே ஆக வேண்டும் என்று சொல்லி அவளைக் கூட்டி வந்திருந்தேன். கோணியிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டி என் வேட்டியையும் பக்கத்து மனிதரின் சாரத்தையும் நனைத்தது. முன் ஸீட்டில் இருவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார்கள். நான் ஏதோ கோழியை அறுத்து மறைத்துக் கொண்டுபோகிறேன் என்பது ஒருவர் கட்சி, கோழிக்கு இவ்வளவு கனம் வராது என்பது மற்றவர் கட்சி என்று லெப்பை காதில் சொன்னார்.

பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார், ஆவி கிளம்பியது, ஆற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தார். எங்கள் ஊர் மாட்டுவண்டிக்கு இந்த வியாதி கிடையாது. மணி பார்த்தேன். காத்திருந்தால் ஆபீஸ் மூடிவிடும். நடந்தோம். ஓடினோம் என்பதுதான் சரி. மூட்டையை நான் கொஞ்ச தூரம், லெப்பை கொஞ்ச தூரம். இரண்டு ஆண்களும் மூச்சு வாங்கியபோது பேச்சி பேசாமல் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொழுந்துக் கூடை சுமந்த பழக்கத்தில், எங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது கணபதிப்பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டிருக்க, பேச்சி அவருக்கும் படிக்கும் நடுவே மூட்டையை இறக்கி வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் மறுபடி கதவைத் திறந்தார்.

அன்று அவர் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. வேரைப் பார்த்தார், மண்ணைக் கரைத்துப் பார்த்தார், பேச்சியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஆனால் எங்களைப்போலத் துள்ளவில்லை. ஒரு மூலையில் நன்றாக இருப்பதற்குக் குடிசைச் சாம்பல் காரணமாக இருக்கலாம், எருக்குழி காரணமாக இருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நிரூபியுங்கோ எண்டு சொல்லுறன். ஒரு ஏக்கருக்குப் பூவோடை போடுங்கோ. பக்கத்திலை ஒரு ஏக்கருக்குப் பூ இல்லாமல் போடுங்கோ. மற்றதெல்லாம் ஒண்டாய் இருக்க வேணும். அறுவடைக்கு நானே வாறன்.”

எல்லோரும் லெப்பையைப் பார்த்தோம். அவர் பேச்சியைப் பார்த்தார். அந்த ஓட்டத்தில் அவளுக்கு இன்னும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வெள்ளாமைக்கு நிலத்தை வைத்துக்கொள்கிறேன் என்றார் லெப்பை. விதை நான் அனுப்புகிறேன் என்றேன். நூற்புழுவுக்கும் என் விதைக்கும் நடக்கிற வழக்கில் இனி நான் சாட்சி மட்டும் அல்ல.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். சித்திரை மழைக்கு ஒரு ஏக்கரில் பூவை மட்டும் போட்டு, வளர்த்து, அதே மண்ணில் மடக்கி உழுதார்கள். ஐப்பசி மழைக்கு இரண்டு ஏக்கரிலும் பருத்தி. பூ போட்ட பக்கம் இரண்டு வரிசைப் பருத்திக்கு நடுவே ஒரு வரிசை செண்டுமல்லி. இதெல்லாம் கடிதங்களில் வந்தது. கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, பூப்பக்கம் பருத்தி சற்றே குட்டையாகக்கூடத் தெரிகிறது. மாசி பிறந்ததும் வந்த கடைசிக் கடிதத்தில் லெப்பை, நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல், “வந்து பாருங்கள்” என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு இரண்டு வரிக்குமேல் எழுத வராதா என்று திட்டிக்கொண்டே மறுபடி கடல் தாண்டினேன்.

இந்தத் தடவை கண்டியில் வெயில். ஸ்டேஷனில் லெப்பை நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்றேன். முதலில் வீட்டில் வட்டிலப்பம் என்ற இனிப்பைச் சாப்பிடச் சொன்னார். அதில் முட்டை உண்டு என்று முன்கூட்டியே எச்சரித்தார். முட்டையை என் மனசாட்சி அரைமனதாக அனுமதித்தது. தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் மீதி அரை மனதை வாங்கிவிட்டன.

மகாவலி வற்றிப் பாறை தெரிந்தது. பாதை சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அக்கரை மேட்டில் ஏறினோம். ஏறியதும் லெப்பை என் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார்.

பல்லடத்தில் எத்தனையோ பருத்திக் காட்டை வெடித்த கோலத்தில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு ஏக்கர் முழுக்க வெள்ளை. மார்பு உயரச் செடி, அடியிலிருந்து நுனிவரை வெடித்துச் சுளை தொங்க, நடுவே வரிசை வரிசையாகக் காய்ந்தும் காயாமலும் மஞ்சள் பூ. வரப்புக்கு இடப்பக்கம், அதே விதை, அதே நாள் விதைப்பு, அதே மழை: முழங்கால் உயரத்தில், பாதி பட்டுப்போய், அங்கங்கே ஒரு வெள்ளைப் பொட்டு. மனுஷன் கையால் கோடு கிழித்ததுபோல் வரப்போடு பிரிந்து நின்றது. நான் வரப்பில் நடந்து, வலக்கையால் இந்தப் பக்கமும் இடக்கையால் அந்தப் பக்கமும் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனேன்.

அன்றைக்குக் கடைசிப் பறிப்பு. முந்திய பறிப்புகளையும் சேர்த்து வைத்திருந்தார்கள். பூப்பக்கம் ஏழு கோணி. பூ இல்லாத பக்கம் மூன்று, அதிலும் ஒன்று பொக்குப் பஞ்சு. கணபதிப்பிள்ளை சொன்னபடி வந்திருந்தார். கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, எங்களை யாரையும் நம்பாமல் தானே மண்வெட்டி எடுத்து, வரப்புக்கு இப்பக்கம் இருபது, அப்பக்கம் இருபது என்று தோண்டி வேர்களை வரிசையாகப் பரப்பினார். இடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து நிமிர்ந்தபோது, அந்த அளந்து பேசுகிற மனிதரின் முகம் விரிந்திருந்தது. “ஓம். இது சாம்பல் இல்லை. பூவின்ரை வேர்தான் புழுவை அடக்கியிருக்கு” என்றார்.

கார்த்திகையில் பூப்பக்கம் குட்டையாக இருந்தது ஏன் என்று நான் கேட்டேன். பேச்சி பதில் சொன்னாள். பூ வேகமாக வளர்ந்து பருத்திக்கு வெயிலை மறைத்திருக்கிறது. கணக்கப்பிள்ளை, அப்போதே சொன்னேனே, மொத்தத்தையும் பிடுங்குங்கள் என்று மறுபடி வந்து நின்றிருக்கிறார். இவள் பிடுங்க விடவில்லை. வேரைத் தொடாமல் பூச்செடியின் தலையை மட்டும் முழங்காலுக்குக் கீழே நறுக்கிவிட்டாள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. வேர் மண்ணுக்குள் தன் வேலையைச் செய்ய, பருத்திக்கு வெளிச்சம் கிடைத்தது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டின கைக்கு இது பெரிய காரியமா என்று அவள் கேட்டதை உத்தியோகத்தர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

லெப்பை எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். ஏழு குடும்பமும், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துச் சிங்கள விவசாயிகள் நாலைந்து பேரும் இருந்தார்கள். குத்தகையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டி எழுதிவிட்டதாகச் சொன்னார். “எட்டு ஏக்கருக்கும் பூ போடப் போறம். எங்க போடணும், எப்ப வெட்டணும் எண்டு பேச்சி சொல்லும். கணக்கப்பிள்ளையும் அவ பேச்சுக் கேட்டுத்தான் நடக்கணும்.” ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிங்கள விவசாயி ஒருவர் மடியை விரித்து நாலு காய்ந்த பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டார், விதைக்கு.

பேச்சி வரப்பில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன். கப்பலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஆள் வந்தால் இனி என்ன சொல்வாய் என்று கேட்டேன். பறிக்க வேண்டிய காய் இன்னும் இருக்கிறது என்று சொல்வேன் என்றாள்.

புறப்படும் முன் கணபதிப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைக்காக விவரம் கேட்டார். நிலம் யாருடையது, விதை எந்த ஊர், எந்த மாதம் விதைப்பு. எல்லாம் எழுதி முடித்து, இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். லெப்பை என்னைக் காட்டினார். நான் பேச்சியைக் காட்டினேன். உத்தியோகத்தர் பேனாவோடு அவள் பக்கம் திரும்பினார்.

“பேர்?”

“பேச்சிங்க.”

“ஊர்?”

அவள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “பல்லேகல” என்றாள்.

“தொழில்? கூலி எண்டு போடட்டோ?”

அவள் எழுந்து நின்றாள். மடியில் இருந்த கடைசிப் பஞ்சைக் கோணிக்குள் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டினாள்.

“பருத்திக்காரின்னு போடுங்க” என்றாள்.

கணபதிப்பிள்ளை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, அப்படியே எழுதினார்.